வெற்றிலை மணக்காத வாரம்

உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வந்து நிற்கிறவனை யாராவது பாராட்டினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "காய்ச்சலோட வந்துட்டான் பாரு, வேலைன்னா இவனுக்கு உசுரு" என்பார்கள். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெருமையாக நிற்பான். "வீட்டுக்குப் போய்ப் படுடா, ஒம் பெருமைய அடுத்தவனுக்கு ஒட்ட வைக்காத" என்று கத்திவிடுவேன். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசிவிட்டுப் போகட்டும். நான் ஏன் கத்துகிறேன் என்று முழுதாகத் தெரிந்தவர்கள் என்னைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் என்னோடு மில்லில் வேலை பார்த்தவன். இன்னொருத்தி அவனுடைய மனைவி.

நான் பேரையூர்ப் பக்கத்துக்காரன். வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றிய ஒரு வருடம் மாட்டை விற்றுவிட்டு மனைவியையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தேன். ஆரப்பாளையத்தில் மில்லுக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஓர் அறை கிடைத்தது. மில்லின் தறி ஷெட்டில் வேலையும் கிடைத்தது. பஞ்சுத் தூசியும் நீராவிப் புழுக்கமும் சேர்ந்த இடம் அது. தறிகள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. உதடு அசைவதைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். வருடக்கணக்கில் அப்படிப் பேசிப் பழகி, வீட்டிலும் மனைவி பேசும்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னத்த அப்படி மொறைச்சுப் பாக்குறீக?" என்று அவள் கேட்பாள்.

எனக்கு முன்பே அந்த ஷெட்டில் வேலையில் இருந்தான், முதலில் சொன்னேனே, அவன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். என்னைவிட இளையவன். ரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் முதல் நாளே அவன் என்னை மச்சான் என்றான், நான் அவனை மாப்ள என்றேன். அதற்குப் பிறகு வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே தறிகள். பகலில் நான் ஓட்டினால் இரவில் அவன் ஓட்டுவான். சாயங்காலம் சங்கு ஊதும்போது தறியை நிறுத்தாமலே கை மாற்றிக்கொள்வோம்.

இங்கே நாடாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊடை நூலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகும் சின்னப் படகு போன்ற மரக்கட்டைதான் நாடா. அதன் வயிற்றுக்குள் நூல் சுற்றிய தார்க்குச்சி இருக்கும். ஓரத்தில் ஒரு சின்னத் துளை. நூல் தீர்ந்ததும் புதுத் தாரைப் போட்டு, நூல் முனையை அந்தத் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். விரல் நுழையாது. அதனால் துளையில் வாயை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் நூல் நாக்கில் வந்து ஒட்டும். அதைப் பல்லால் பிடித்து இழுத்துவிட்டு நாடாவைத் தறிக்குள் போட வேண்டியதுதான். ஒரு நாளைக்கு எத்தனை முறை உறிஞ்சுவோம் என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. நூலோடு பஞ்சும் எண்ணெயும் வாய்க்குள் போகும். முந்தைய ஷிப்ட்காரனின் எச்சிலும் போகும். அதை நாங்கள் பெரிதாக நினைத்ததில்லை. வாங்கியதும் வேட்டி முனையில் ஒருமுறை துடைத்துக்கொள்வோம், அவ்வளவுதான் சுத்தம்.

நான் வெற்றிலை புகையிலைக்காரன். என் நாடாவை வாயில் வைத்தாலே காரமும் மணமும் தெரியும் என்பான் மாப்ள. "ஒன்னால நான் காசு குடுக்காமலே வெத்தலை போட்டுக்கிறேன் மச்சான்" என்று சிரிப்பான். அவன் வெற்றிலை போடுவதில்லை.

ஒரு தை மாதம் லைன் வீடுகளில் பிள்ளைகளுக்கெல்லாம் பொன்னுக்கு வீங்கி வந்தது. காதுக்குக் கீழே தாடை வீங்கி, முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. கழுத்தில் தங்கம் பட வேண்டும் என்று சங்கிலியைப் போட்டுவிடுவார்கள். என் மகளுக்கும் வந்தது. என் மனைவி தன் பிறந்த வீட்டுச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினாள். சங்கிலி தொப்புள்வரை தொங்க, அவள் அதைக் காட்டிக்கொண்டே எல்லா வீட்டுக்கும் போய்வந்தாள். சங்கிலி போட்ட பிள்ளைகள் எல்லாம் கூடி உட்கார்ந்து விளையாடின. யாரும் தடுக்கவில்லை. அம்மை கண்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்காமல் சமைத்து, ஒருவரையும் உள்ளே விட்டிருக்க மாட்டோம். ஆத்தா வந்திருக்கிறாள் என்ற பயம் இருக்கும். இதற்கு அந்த மரியாதை கிடையாது. இது பிள்ளைகள் சமாச்சாரம். சிரித்துவிட்டுப் போகிற நோய்.

மகளுக்கு வீக்கம் வற்றிச் சில வாரம் கழித்து எனக்குக் காதுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தது. மறுநாள் காலையில் ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது. எனக்கு அப்போது பெரிய மீசை. அதை எண்ணெய் தடவி முறுக்கிவிட்டுக்கொண்டு லைன் வீட்டு வாசலில் நான் நடந்தால் சின்னப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்கும். அந்த மீசைக்குப் பக்கத்தில் பூசணிக்காய்!

என் மனைவி பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மகள் கழுத்தில் போட்ட அதே சங்கிலியைக் கொண்டுவந்தாள்.

"குனிங்க. கழுத்துல போட்டுக்கிட்டு ரெண்டு நா வீட்டோட கெடங்க."

"சங்கிலியப் போட்டுக்கிட்டு நான் கெடக்கணுமா? மீசை வச்சவன் பொன்னுக்கு வீங்கி வந்து படுத்துருக்கான்னு மில்லு பூராவும் சிரிக்கவா?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக. பிள்ளைக்கு வந்ததுதான ஒங்களுக்கு வந்துருக்கு."

"போடி."

நான் வராவிட்டால் மேஸ்திரி என் தறியில் பதிலி ஆளை நிறுத்திவிடுவார் என்று அவளிடம் காரணம் சொன்னேன். அது பொய்யில்லை. ஓடிப் பழகிய நல்ல தறிகள் அவை; ஒருமுறை கைமாறினால் திரும்பி வருவது சந்தேகம். ஆனால் அது அவளுக்குச் சொன்ன காரணம். எனக்கு இருந்த காரணம் வெட்கம் மட்டும்தான். எனக்குக் காலராவோ அம்மையோ வந்திருந்தால் மரியாதையாக வீட்டில் படுத்திருப்பேன். பிள்ளைகளுக்கு வருகிற நோய் வந்துவிட்டதே என்ற வெட்கத்தில் துண்டை எடுத்துத் தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, பல்வலி என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த வாரம் பட்ட வேதனையை மறக்க முடியாது. வாயில் எச்சில் ஊறும்போதெல்லாம் காதுக்குப் பின்னால் கத்தியால் கீறுவது போல வலிக்கும். நாடாவை உறிஞ்சும்போது எச்சில் ஊறாமல் இருக்குமா? ஒவ்வொரு தாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வெற்றிலை மெல்ல முடியவில்லை. சாயங்காலம் சங்கு ஊதியதும் எச்சில் ஈரம் காயாத நாடாவை மாப்ள கையில் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விடுவேன்.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, அவன் நாடாவை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்து உதட்டை அசைத்தான்.

"என்ன மச்சான், இன்னைக்கு வெத்தலை போடலையா? மணக்கவே இல்ல."

நான் துண்டைத் தொட்டுக் காட்டிப் பல் என்று சைகை செய்தேன். கிராம்பை வைத்துக் கடி என்று அவன் பதிலுக்குச் சைகை செய்தான். அந்த வாரம் முழுவதும் வீட்டிலிருந்து கிராம்பு கொண்டுவந்து கொடுத்தான். அவனுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிராம்பை ஒரு சின்னத் துணியில் முடிந்து கொடுத்தனுப்பியது அவன் மனைவி. நான் அவனுக்கு மச்சான் என்பதால் அவள் என்னை அண்ணே என்பாள், எனக்கு அவள் தங்கச்சி. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாதவள். தீபாவளிக்கு என் மனைவி அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தபோது, பிறந்த வீட்டுச் சீர் வந்துவிட்டது என்று லைன் முழுவதும் காட்டிக்கொண்டு நடந்தாள்.

என் வீக்கம் வற்றியது. மீசையை மறுபடி முறுக்கினேன். ஒருவருக்கும் தெரியாமல் தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

சில வாரம் கழித்து மாப்ள ஒரு சாயங்காலம் இரண்டு தாடையும் வீங்கிப்போய் வேலைக்கு வந்தான். அவன் என்னைப் போல மறைக்கவில்லை. மறைக்கத் தெரியாதவன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "டேய், பொன்னுக்கு வீங்கிடா இது! போய் ஒம் பொஞ்சாதி சங்கிலிய வாங்கிப் போட்டுக்க" என்று கத்தினார். சத்தத்தில் கேட்காவிட்டாலும் எல்லோரும் உதட்டைப் படித்துவிட்டார்கள். ஷெட் முழுவதும் சிரிப்பு. ஒருத்தன் கழிவு நூலைத் திரித்துச் சங்கிலி மாதிரி செய்து அவன் கழுத்தில் போட்டான். அவனும் வலியோடு சிரித்தான்.

நானும் சிரித்தேன். எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தேன். அப்போதுதான் என்மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று தோன்றியது. இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

அவன் வீட்டில் படுத்த நாலைந்து நாளில் தங்கச்சி எங்கள் அறைக்கு ஓடிவந்தாள். காய்ச்சல் கொதிக்கிறது, வலி தாங்காமல் துடிக்கிறார், எங்கே வலிக்கிறது என்று தன்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறார் என்றாள். போய்ப் பார்த்தேன். நோய் கீழே இறங்கியிருந்தது. வேட்டி படக்கூடப் பொறுக்க முடியாமல் காலை அகட்டிக்கொண்டு கிடந்தான். மாட்டு வண்டி பிடித்து மில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"மச்சான் முறைங்க."

"இது எச்சில்ல, மூச்சுல ஒட்டுற நோய். வீக்கம் தெரியறதுக்கு முன்னாடியே அடுத்தவங்களுக்குத் தொத்திடும். குழந்தைகளுக்கு வந்தா லேசாப் போயிடும். வளர்ந்த ஆம்பளைக்கு வந்தா சில சமயம் இப்படி விதையில இறங்கிடும். இவருக்கு ரெண்டு பக்கமும் இறங்கியிருக்கு. பிள்ளை பொறக்கிறது சந்தேகம்தான். பொறக்காதுன்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. ஜுரம் இறங்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஷெட்ல வேற யாருக்காவது இது இருந்துச்சா? இருந்தா அவங்க வேலைக்கு வரக் கூடாது" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

வண்டியில் திரும்பி வரும்போது எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். லைன் வீடு முழுவதும் பிள்ளைகளுக்கு இருந்ததே, அங்கேயிருந்து ஒட்டியிருக்கலாமே என்று. இருக்கலாம்தான். கண்ணால் பார்க்க முடியாத கிருமி எந்த வழியாக வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அவன் குடியிருந்தது லைனின் அந்தக் கோடியில். பகலெல்லாம் தூங்குகிறவன், பிள்ளைகளோடு அவனுக்குப் பழக்கமே கிடையாது. அவன் வாய் வைத்தது என் நாடாவில். அந்த ஆறுதல் பாதி வழிக்குக்கூட வரவில்லை.

ஜுரம் இறங்கியது. அவன் எழுந்து வேலைக்கு வந்தான். டாக்டர் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருடங்கள் போயின. எனக்கு அடுத்தடுத்து இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். அவன் வீட்டில் ஒன்றுமில்லை.

தங்கச்சி போகாத கோயில் இல்லை. சித்திரையில் அழகர்கோவிலுக்கு நடந்தே போய்வருவாள். மரத்தில் தொட்டில் கட்டினாள். நாட்டு மருந்து தின்று வயிற்றுப்போக்கில் கிடந்தாள். லைனில் யாருக்காவது வளையல் போடும் விசேஷம் என்றால் அவளாகவே அன்றைக்குத் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருமுறை என் இளையவனை ஆசையாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி, "பால் குடிக்கிற நேரம்" என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை அப்போதுதான் குடித்து முடித்திருந்தான். தங்கச்சிக்கும் அது தெரியும். வெறுங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாரேன் மதினி" என்று போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

யுத்த காலம் வந்தது. அரிசிக்கு வரிசையில் நின்றோம். பஸ்ஸெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கி ஓடியது. அந்தச் சமயத்தில்தான் மாப்ளயின் அம்மா ஊரில் அவனுக்கு இரண்டாவது கல்யாணம் பேசி முடித்தாள். மூத்தவளைப் பிறந்த ஊருக்கு அனுப்பிவிடுவது என்றும் முடிவாகிவிட்டது. இதைப் பெரியவர்கள் முன்னால் வைத்துப் பேச ஊருக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

தங்கச்சி என்னிடம் வந்தாள். அழவில்லை.

"அண்ணே, எங்க பக்கம் பேச ஆளு இல்ல. நீங்கதான் வரணும். அவரு கட்டிக்கிறட்டும். நான் வேணாங்கல. என்னைய மட்டும் அனுப்ப வேணாம், ஒரு மூலையில இருந்துக்கிறேன்னு ஒத்த வார்த்தை சொன்னாப் போதும். வேற எதுவும் பேச வேணாம்ணே."

"வாரேன் தாயி" என்றேன்.

கரி வண்டியில் மூச்சு முட்ட மூன்று பேரும் ஊருக்குப் போனோம். மாப்ள சன்னல் பக்கம் திரும்பிக் காய்ந்து கிடந்த காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஊர்ச் சாவடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண் கொடுக்கிறவரும் வந்திருந்தார். தங்கச்சி கொஞ்சம் தள்ளிச் சுவர் ஓரமாக நின்றாள். மாமியார்க்காரி ஆரம்பித்தாள். காய்க்காத மரத்தை எத்தனை நாளைக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டாள். அதைவிட மோசமாகவும் சொன்னாள், அதை நான் எழுதவில்லை. தங்கச்சி தலை குனிந்து நின்றாள். மாப்ளயும் தலை குனிந்து நின்றான்.

"மூத்தவ பக்கம் யாரு பேசுறது?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

நான் எழுந்தேன். அவள் சொல்லச் சொன்ன ஒரு வார்த்தை வாய்க்குள் தயாராக இருந்தது. ஆனால் அந்தத் தலை குனிவைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டில் பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கியபோது நான் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கொறை தங்கச்சிகிட்ட இல்லய்யா. மாப்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கீழ எறங்கிருச்சு. இனிமே பிள்ள சந்தேகம்னு டாக்டரு அன்னைக்கே என்கிட்டச் சொல்லிட்டாரு. இன்னொருத்தியக் கட்டுனாலும் இதே கததான். அந்த நோயக் குடுத்தவனும் நான்தான். எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. வெக்கப்பட்டு மறைச்சுக்கிட்டு வேலைக்குப் போனேன். நான் வாய் வச்ச நாடாவுலதான் அவனும் வாய் வச்சான். தண்டிக்கிறதுன்னா என்னையத் தண்டிங்க. அந்தப் பிள்ளையச் சொல்லாதீக."

பின்னால் நின்ற இளவட்டங்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இன்னொருவன் சிரித்தான். பெரியவர், "அப்ப இவனுக்கு ஆகாதா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார், அது எல்லோருக்கும் கேட்டது. மாமியார்க்காரி தலையில் அடித்துக்கொண்டு மண்ணை வாரி என்னை நோக்கி எறிந்தாள். பெண் கொடுக்க வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இம்புட்டு இருக்கா இதுல? எம் மகளுக்கு வேற எடம் பாத்துக்கிறேன்" என்று இறங்கிப் போனார். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. தங்கச்சியை அனுப்புகிற பேச்சும் முடிந்தது.

எனக்கு அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருடம் சுமந்த பாரத்தை இறக்கிவிட்டேன், ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சு லேசானது. சாவடித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மாப்ளயை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பஸ் நிற்கிற புளியமரத்தடிக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் இருவரும் வந்தார்கள். தங்கச்சி நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

"ஒத்த வார்த்தைதானண்ணே சொல்லச் சொன்னேன்" என்றாள் அவள். "அவரு என்கிட்ட எப்பயோ சொல்லிட்டாரு. டாக்டரு அவருகிட்டயும் சொல்லிருக்காரு. சின்னப் பிள்ள மாதிரி அழுதாரு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அவரு தலையில என் கைய வச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. கோயிலு, மருந்துன்னு அலைஞ்சு நான் மலடிங்கிற பேர வாங்கிக்கிட்டேன். அது எனக்குப் பழகிப்போச்சு. இப்ப அவரு எந்த மொகத்தோட இந்த ஊருக்குள்ள வருவாரு?"

தன்மேல் பழி விழாமல் இருக்க மனைவியை விலக்கி வைக்கவும் சம்மதித்தவன் அவன். அதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீசைக்குப் பக்கத்தில் வீக்கம் தெரியக் கூடாது என்று துண்டைக் கட்டிக்கொண்டு போனவன் அதைப் பற்றிப் பேசலாமா? எங்கள் இருவருக்கும் ஒரே வெட்கம். அவனுக்கு அது என்னிடமிருந்து ஒட்டியதோ என்னவோ.

"மாப்ள, எனக்குத்தான் மொதல்ல வந்துச்சுன்னு ஒன்கிட்ட அன்னைக்கே சொல்லிருக்கணும்" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். காலையிலிருந்து அப்போதுதான் பார்த்தான்.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அந்த வாரம் பூராவும் நாடாவுல வெத்தலை மணக்கல. பல்வலின்ன. எனக்குத் தாடை வீங்குன அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, ஒனக்கு என்ன வந்துச்சுன்னு. மில்லுல எல்லாரும் சிரிச்சப்ப நீயும் சிரிச்ச. அப்பயும் தெரியும். இம்புட்டு வருசத்துல நான் யாருகிட்டயாவது சொன்னேனா மச்சான்?"

அவன் எனக்காக மூடி வைத்தது ஒரு வாரத்துச் சின்ன வெட்கத்தை. நான் ஊர் முன்னால் திறந்து வைத்தது அவன் ஆயுசு முழுவதுக்குமான வெட்கத்தை. நோயும் என் வாய் வழியாகத்தான் அவனுக்குப் போனது, இந்தப் பேச்சும் அப்படித்தான்.

பஸ் வந்தது. அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. மதுரைவரை மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து வந்தோம்.

மறுநாள் நான் வெற்றிலைப் பையை எடுக்காமல் வேலைக்குப் போனேன். வாய்க்குள் எதுவும் வைக்கப் பிடிக்கவில்லை. சாயங்காலம் சங்கு ஊதியது. வரமாட்டான், வேறு தறி கேட்டிருப்பான் என்று நினைத்தேன். அவன் வந்தான். நான் நாடாவை நீட்டினேன். வாங்கி, புதுத் தாரைப் போட்டு, வேட்டி முனையில் துடைத்து, துளையில் வாயை வைத்து உறிஞ்சினான். உறிஞ்சியவன் அப்படியே நின்றான். நாடாவை வாயிலிருந்து எடுத்து என் முகத்தைப் பார்த்தான். தாடையைப் பார்த்தான். தறிச் சத்தத்தில் அவன் உதடு அசைந்தது.

"ஒடம்புக்கு என்ன?"

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த நாடாவை எடுத்து, வேட்டி முனையில் ஒருமுறைக்கு இருமுறை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைத்தான்.